கல்யாணத்துக்கு வாங்கின மெத்தை இன்னும் தாங்குமா?

வாசகர் கேள்வி:

நான் கொக்குவிலில் வசிக்கும் ஆசிரியை. வயது 43. எங்கள் கல்யாணத்துக்கு வாங்கின ஸ்பொஞ்ச் மெத்தையில்தான் 14 வருடமாகப் படுக்கிறோம். ஐந்தாறு மாதமாகக் காலையில் எழும்பும்போது நாரி பிடித்துக்கொள்கிறது. முகம் கழுவி, தேத்தண்ணி வைத்து, கொஞ்சம் நடமாடினால் விட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றாலும் அவ்வளவு நோ இல்லை. விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த அண்ணா மெத்தையைப் பார்த்துவிட்டு, "அங்கே எட்டு வருடத்துக்கு மேல் ஒருவரும் வைத்திருக்க மாட்டார்கள், உடனே எறி" என்றார். கணவரோ, "பத்து வருட உத்தரவாதத்தோடு வாங்கின சாமான், இன்னும் தையல்கூட விடவில்லை" என்கிறார். மாமிக்கு 74 வயது. முழங்கால் வருத்தம் இருந்தும் நிலத்தில் பாய் விரித்துத்தான் படுக்கிறார். "பாயில் படுத்தால் ஒரு நோயும் அண்டாது" என்பது அவருடைய கட்சி. ஒரு மெத்தையை எத்தனை வருடத்துக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும்? புதிது வாங்கினால் பழையதை மாமிக்குப் போட்டுக் கொடுக்கலாமா?

இயன் மருத்துவரின் பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் உங்கள் நாரியைப் பற்றிக் கதைப்போம், மெத்தை பிறகு. பகல் முழுக்க நின்று படிப்பிக்கும்போது இல்லாத நோ, படுத்து எழும்பியதும் வருகிறது, நடமாடினால் விட்டுவிடுகிறது என்று வடிவாக எழுதியிருக்கிறீர்கள். இப்படியான நோவுக்குப் படுக்கையைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எழும்பிய பிறகு அந்தப் பிடிப்பு விட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு வாரத்துக்கு மணிக்கூட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிப்பு நீடித்தால், விடியப்புறம் நோவினால் நித்திரை கலைந்தால், ஓய்வெடுக்க எடுக்கக் கூடி, நடந்தால் மட்டும் குறைந்தால், அது முள்ளந்தண்டு மூட்டுகளில் வருகிற அழற்சி நோயாக இருக்கலாம். 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் விடாத நாரி நோவில் இதை மறக்கக் கூடாது. இந்த நோய் இருப்பவர்கள் மெத்தையை மாற்றி மாற்றிக் காசைக் கரைத்துவிட்டு, வருடக் கணக்கில் பிந்தி வைத்தியரிடம் போவதைக் காணும்போது மனம் நோகும். மருந்தால் நன்றாகக் கட்டுப்படுத்தக்கூடிய நோய் இது.

இன்னொன்று. காலில் பலம் குறைந்தாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் விறைத்துப்போனாலோ, சலம் மலம் போவதில் கட்டுப்பாடு மாறினாலோ, அன்றைக்கே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். விடியும் வரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு வரும் நாரி நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஆறாத இரவு நோ, இவைக்கும் வைத்தியரைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. ஆனாலும் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, இனி மெத்தை. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது. சாதாரண ஸ்பொஞ்ச் 5 முதல் 7 வருடம், ஸ்பிரிங் 7 முதல் 10 வருடம். நல்ல இயற்கை றப்பர் மெத்தை 10 வருடத்தைத் தாண்டும், சிலது 15 வரைக்கும் போகும். றப்பர் பால் சேர்த்து அழுத்திய தும்பு மெத்தை, தும்பின் தரத்தைப் பொறுத்து ஸ்பொஞ்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் நிற்கும். இலவம் பஞ்சு மெத்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அது கட்டிபட்டுப் போனால் உறையைப் பிரித்து, பஞ்சை அடித்து, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்துத் திரும்பத் தைத்துவிடலாம். அம்மம்மா காலத்து மெத்தை அம்மாவுக்கும் உழைத்தது இதனால்தான்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் உங்களுடைய 14 வருட ஸ்பொஞ்ச் எப்போதோ தன் காலத்தை முடித்திருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். என்றாலும் வருடத்தை மட்டும் வைத்து நான் எந்த மெத்தையையும் எறியச் சொல்வதில்லை. வெளிநாட்டுச் சொந்தம் வந்தால் மட்டும் விரிக்கும் அறையில் இருக்கிற மெத்தையும், இரண்டு பேர் தினமும் எட்டு மணித்தியாலம் படுத்து, பிள்ளைகள் ஏறிக் குதித்து விளையாடிய மெத்தையும் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தாலும் ஒரே வயது இல்லை. படுப்பவரின் நிறையும் கணக்கில் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பொஞ்சின் அடர்த்தி வரும்.

இந்த அடர்த்தியைப் பற்றிக் கடையில் ஒருவரும் தாங்களாகச் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஒரு கன மீற்றர் ஸ்பொஞ்ச் எத்தனை கிலோ நிறை என்பதுதான் அடர்த்தி. 20 கிலோவுக்குக் கீழே என்றால் அது தினமும் படுக்கிற மெத்தைக்கு உரியதில்லை, சீக்கிரமே குழி விழும். 30 கிலோவை அண்டியோ அதற்கு மேலோ இருந்தால் நின்று உழைக்கும். கையால் அமத்திப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது. நிறை குறைந்த மலிவு ஸ்பொஞ்சையும் கையை எதிர்க்கும்படி இறுக்கமாகச் செய்ய முடியும். வாங்கின புதிதில் கல்லுமாதிரி இருந்தது, இரண்டு வருடத்தில் தொட்டிலாகிவிட்டது என்று சொல்வார்களே, அது இந்த வகை.

ஸ்பொஞ்ச் எப்படிப் பழுதாகிறது என்று தெரிந்தால் அண்ணாவுக்கும் ஒரு பதில் கிடைக்கும். அதற்குள் இருப்பவை கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற குட்டி அறைகள். படுக்கும்போது அவற்றின் சுவர்கள் மடங்கும், எழும்பும்போது நிமிரும். இப்படி ஆயிரக்கணக்கான இரவுகள் மடங்கி நிமிர்ந்து, ஒரு கட்டத்தில் நிமிராமல் அப்படியே கிடந்துவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் மின்விசிறி போட்டும் முதுகு நனைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் விரிப்புக்கூடக் காயாது. ஆகவே அண்ணாவின் எட்டு வருடக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் எங்கள் காலநிலையில் ஸ்பொஞ்சுக்கு அதைவிடக் கூட எதிர்பார்க்கவும் வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்லும் உத்தரவாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வருட உத்தரவாதம் என்பது செய்முறைப் பிழைக்குக் கொடுக்கப்படுவது. ஸ்பிரிங் முறிந்தால், தையல் தானாக விட்டால், குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள். அந்தப் பத்து வருடமும் உடம்பை ஒரே மாதிரித் தாங்கும் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. வெளித்துணி கிழியாமல் இருப்பதும் சாட்சி ஆகாது. உறை எப்போதும் உள்ளிருப்பதைவிடக் கனகாலம் உழைக்கும்.

இனிச் செய்து பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் விரிப்பு, தலையணை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெத்தையை வெறுமையாக்குங்கள். வீட்டில் இருக்கிற தும்புத்தடியின் நேரான பிடியை மெத்தையின் குறுக்கே, நீங்கள் படுக்கும்போது இடுப்பு வருகிற இடத்தில் வையுங்கள். தடிக்கும் மெத்தைக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் பிள்ளையின் அடிமட்டத்தை விட்டு அந்த இடைவெளியை அளவுங்கள். ஒன்று, ஒன்றரை அங்குலம் இருந்தால் அந்த மெத்தை முடிந்துவிட்டது. கணவர் படுக்கிற பக்கத்தையும் இப்படியே பாருங்கள். அநேகமான வீடுகளில் நடுவில் ஒரு மேடும் இரண்டு பக்கமும் இரண்டு குழியுமாக இருக்கும். நிறை கூடியவரின் குழி ஆழமாக இருக்கும்.

தடிக்குக் கீழே வெளிச்சம் தெரியவில்லை என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்படவும் வேண்டாம். சில ஸ்பொஞ்ச் ஆள் இல்லாதபோது நிமிர்ந்து நிற்கும், ஆள் படுத்ததும் அடிவரை அமிழும். அதற்கு நீங்கள் பக்கவாட்டில் படுங்கள், கணவரை உங்கள் முதுகுப் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தடியில் இருந்து இடுப்பு வரை முள்ளந்தண்டு ஏறக்குறைய ஒரு நேர்கோடாகத் தெரிய வேண்டும். இடுப்பு கீழே போய், தோள் மேலே நின்று, கோடு வளைந்து தெரிந்தால், இரவு முழுக்க உங்கள் நாரித் தசைகள் அந்த வளைவோடு மல்லுக்கட்டுகின்றன. காலையில் வருகிற பிடிப்பு அதன் கூலி.

இதற்குப் பிறகும் மெத்தைதான் குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு முன், கட்டிலைப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மெத்தையைத் தூக்கி நிமிர்த்திவிட்டு, கீழே உள்ள பலகைகளை ஒவ்வொன்றாகக் கையால் அமத்திப் பாருங்கள். தேக்கு, முதிரைச் சட்டம் போட்ட பழைய கட்டில் என்றால் பெரும்பாலும் பிழை இராது. மெல்லிய ஒட்டுப்பலகை போட்ட கட்டில்கள் சில வருடத்தில் நடுவில் தொய்ந்துவிடும், குறுக்குச் சட்டம் வெடித்திருக்கும், ஒரு பலகை ஆணி கழன்று கீழே இறங்கியிருக்கும். சந்தேகமாக இருந்தால் மெத்தையை நிலத்தில் போட்டு மூன்று நான்கு இரவு படுத்துப் பாருங்கள். நிலத்தில் குழி இல்லை, நோவும் குறைகிறது என்றால் கட்டிலைத் திருத்தினால் காணும். புது மெத்தைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. தொய்ந்த கட்டிலில் புது மெத்தையைப் போட்டால் அதுவும் அதே பள்ளத்துக்கு வளைந்து பழுதாகும்.

கடைசியாக ஒரு சோதனை. இது எல்லாவற்றிலும் நம்பகமானது. ஒரு வாரம் வேறு அறையில், வேறு படுக்கையில் படுங்கள். மாமியின் பாயாக இருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்கு முழங்கால் வருத்தம் இல்லைத்தானே. அந்த ஏழு காலையும் நாரி லேசாக இருந்து, திரும்ப உங்கள் மெத்தைக்குப் போனதும் பிடித்துக்கொண்டால் வேறு சாட்சி தேவையில்லை. எங்கே படுத்தாலும் அதே பிடிப்பு என்றால் மெத்தைக் காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இயன் மருத்துவர் ஒருவரிடம் வந்து நாரியைக் காட்டுங்கள். தசைகளுக்குப் பயிற்சிதான் அப்போது மருந்து.

மெத்தை மாற்றினால் உண்மையிலேயே குணம் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் நடந்து 2009 இல் வெளியான ஓர் ஆய்வில் 59 பேரை 28 இரவு அவர்களுடைய சொந்தப் படுக்கையிலும், பிறகு 28 இரவு புதிய, நடுத்தரக் கடினமான படுக்கையிலும் படுக்க வைத்தார்கள். பழைய படுக்கைகளின் சராசரி வயது ஒன்பதரை வருடம். புதியதில் முதுகு நோவும் பிடிப்பும் குறைந்து நித்திரையும் நன்றாக வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பழையதிலேயே தொடர்ந்து படுத்த இன்னொரு குழு அதில் இருக்கவில்லை என்பதால், புதிதாகக் கிடைத்த சந்தோஷமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் நான் சிகிச்சை நிலையத்தில் காண்பதோடு அது ஒத்துப்போகிறது.

இனி மாமியின் பாய். நாரி நோவுக்குக் கடினமான படுக்கைதான் நல்லது, பலகையில் படு, நிலத்தில் படு என்று முந்தி வைத்தியர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நேராகச் சோதித்தது ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு. 2003 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. கனகாலமாக நாரி நோ உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினமான மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். படுக்கையில் வரும் நோவும், எழும்பும்போது வரும் நோவும், அன்றாட வேலைகளில் உள்ள கஷ்டமும் நடுத்தர மெத்தைக்காரருக்குக் கூடுதலாகக் குறைந்திருந்தன. அளவுக்கு மிஞ்சிக் கடினமான படுக்கையில் தோளும் இடுப்பும் அமிழ இடமில்லாமல் நாரி அந்தரத்தில் நிற்கிறது. இந்த வித்தியாசம் அதனால் வந்திருக்கலாம்.

இதனால் பாய் கூடாது என்று ஆகிவிடாது. சின்ன வயதிலிருந்து பாயில் படுத்துப் பழகி, நோவில்லாமல் எழும்புகிற ஒருவரை நான் ஒருநாளும் மாற்றச் சொல்ல மாட்டேன். வெக்கை காலத்தில் சீமெந்து நிலத்தில் பன்பாய் விரித்துப் படுக்கும் சுகம் எந்த மெத்தையிலும் இல்லை. மாமிக்கு நான் மறுப்புச் சொல்வது முழங்காலுக்காகத்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் வாங்கப்போவதானால் நடுத்தரக் கடினம் பாருங்கள். 'ஓர்தோபீடிக்' என்று மேலே தைத்திருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். எந்த வைத்தியரும் பரிசோதித்துக் கொடுக்கிற முத்திரை இல்லை அது, யாரும் எதிலும் போடலாம். 'மெமரி போம்' என்று வருகிறதே, அது சூட்டுக்கு இளகிற சாமான். குளிரூட்டிய கடையில் படுத்துப் பார்க்கும்போது அளவாக இருப்பது, எங்கள் பங்குனி இரவில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் இன்னும் மெதுவாகி உடம்பை உள்ளே இழுக்கும், சூட்டையும் பிடித்து வைத்திருக்கும். அறைக்குக் குளிரூட்டி இல்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. காசு ஒத்துவந்தால் இயற்கை றப்பர், இல்லாவிட்டால் அடர்த்தி கூடிய ஸ்பொஞ்ச், அல்லது இரண்டு பக்கமும் ஸ்பொஞ்ச் போட்ட நல்ல தும்பு மெத்தை. கடற்கரையை அண்டின வீடுகளில் உப்புக் காற்றுக்கு ஸ்பிரிங் துருப்பிடிக்கக் கூடும், கொக்குவிலில் அந்தக் கவலை குறைவு. கடையில் ஐந்து நிமிடம் இருந்து பார்த்துவிட்டு எழும்பாதீர்கள். நீங்கள் வழமையாகப் படுக்கும் பக்கம் திரும்பி ஒரு கால் மணித்தியாலம் படுங்கள். கணவரும் பக்கத்தில் படுக்க வேண்டும். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார், நினைத்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பொலித்தீன் உறையைக் கழற்றி எறிவது. எங்கள் வீடுகளில் தூசு படும், ஊத்தை பிடிக்கும் என்று வருடக்கணக்கில் அதோடேயே படுக்கிறோம். ஒவ்வோர் இரவும் உடம்பிலிருந்து இறங்குகிற வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, மணக்கத் தொடங்கி, மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கழுவக்கூடிய கொட்டன் உறை ஒன்று போட்டால் காணும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் படுக்கக்கூடிய மெத்தை என்றால் புரட்டியும் போடுங்கள். மேல்பக்கம் மட்டும் மெத்தென்று தைத்ததைப் புரட்டக் கூடாது.

வெயிலில் போடுவதில் ஒரு கவனம் தேவை. பஞ்சு மெத்தையை முற்றத்தில் போட்டு, தடியால் தட்டி, பின்னேரம் வரை காயவிடுவது நல்ல பழக்கம். பஞ்சு விரியும், ஈரம் போகும், மூட்டைப்பூச்சி இருந்தால் ஓரளவு குறையும். அதே பழக்கத்தில் ஸ்பொஞ்சையும் றப்பரையும் நாள் முழுக்கச் சித்திரை வெயிலில் காயப்போடுகிறோம். வெயில் நேராகப் பட்டால் ஸ்பொஞ்ச் மஞ்சளித்துப் பொடியாகும், றப்பர் வெடித்து உதிரும். அவற்றை மாமர நிழலிலோ விறாந்தையிலோ காற்றுப்பட நிமிர்த்தி வைத்தால் போதும். நிலத்தில் மெத்தை போட்டுப் படுப்பவர்கள் காலையில் எழும்பியதும் அதைச் சுவரில் சாய்த்துவிட வேண்டும், அடிப்பக்கம் எப்போதும் ஈரம் கோர்க்கும். வெள்ளத்தண்ணீர் உள்ளே போன மெத்தையைக் காயவைத்துப் பாவிக்க நினைக்காதீர்கள், வீட்டில் இழுப்பு வருத்தக்காரர் இருந்தால் கட்டாயம் வேண்டாம். பத்து வருடத்தில் தூசுப்பூச்சியால் மெத்தையின் நிறை இரண்டு மடங்காகும் என்று ஒரு கதை கைத்தொலைபேசிகளில் சுற்றுகிறது. அது பொய். தூசுப்பூச்சி உண்மை, ஈரக் காலத்தில் பெருகும், தும்மலும் இழுப்பும் உள்ளவர்களுக்கு அது கெடுதல். அவர்களுடைய விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருக்கால் நல்ல சுடுதண்ணீரில் தோய்க்க வேண்டும்.

உடனே வாங்கக் கையில் காசு இல்லை என்றால் ஒரு தற்காலிக வழி: தொய்வு கட்டிலில் இருந்தால் கனமான ஒட்டுப்பலகை ஒன்றை அடியில் போடுங்கள். குழி மெத்தைக்குள் இருந்தால் பலகை உதவாது. மேலே மெல்லிய மெத்தை போட்டாலும் அது அந்தக் குழிக்குள்ளேயே இறங்கும். மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்குக் கீழேயும், பக்கவாட்டில் படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவிலும் ஒரு தலையணை வையுங்கள். நாரிக்கு உடனடியாகக் கொஞ்சம் ஆறுதல் தெரியும். எழும்பும்போது நேராக நிமிராமல், முதலில் பக்கம் திரும்பி, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்புங்கள்.

பழைய மெத்தையை வளவு மூலையில் போட்டுக் கொளுத்த வேண்டாம். ஸ்பொஞ்ச் எரிகிற கரும்புகையில் காபன்மொனொக்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் இருக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கும். பிரதேச சபையில் எப்படி எடுப்பார்கள் என்று கேளுங்கள். குழி விழாத ஓரத் துண்டுகளை வெட்டிக் கதிரைக்கு மெத்தை தைக்கலாம். ஆனால் கைக்குழந்தையைப் படுக்க வைக்க வெட்டிக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் குழந்தை படுக்கும் இடம் சமமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். அமிழ்கிற மெத்தையில் குழந்தை முகம் புதைந்தால் தானாகத் திரும்பத் தெரியாது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. உண்மையில் நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்ததே அதற்காகத்தான். தங்கச்சி, தயவுசெய்து அந்தப் பழைய மெத்தையை மாமிக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் பாசத்தோடுதான் கேட்டிருக்கிறீர்கள், நிலத்தில் படுப்பவருக்கு ஒரு மெத்தையாவது கிடைக்கட்டும் என்று. எங்கள் வீடுகளில் இது வழமையாகவும் போய்விட்டது. புதுக் கட்டில் பிள்ளைகளுக்கு, பழையது நடு அறைக்கு, எதற்கும் உதவாதது வயது போனவர்களுக்கு. 43 வயது நாரியால் தாங்க முடியாத குழியை 74 வயது உடம்பு எப்படித் தாங்கும்? வயது போனவர்கள் இரவில் திரும்பிப் படுப்பதற்கே பலம் குறைந்தவர்கள். குழிக்குள் விழுந்தால் ஒவ்வொரு தரமும் மேடேறித் திரும்ப வேண்டும். இரவில் இரண்டு மூன்று தரம் சலம் கழிக்க எழும்புகிறவர்கள். தொய்ந்த விளிம்பில் இருந்து எழும்பும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த ஒரு விழுகையோடு அவருடைய நடமாட்டமே நின்றுபோகலாம்.

பாயும் இனி அவருக்குச் சரிவராது. நிலத்திலிருந்து எழும்ப முழங்காலை முழுதாக மடித்து, உடம்பின் நிறை முழுவதையும் அதில் ஏற்ற வேண்டும். தேய்ந்த மூட்டுக்கு இரவில், அரை நித்திரையில், இருட்டில் செய்கிற மிகக் கடினமான வேலை அது. பாயில்தான் நோய் அண்டாது என்று அவர் சொல்வது அவருடைய இளமைக்கால உடம்பின் அனுபவம், அதை மறுத்துப் பேசி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். இரவில் எழும்பும்போது எதைப் பிடித்து எழும்புகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சுவரையா, கதிரையையா, கதவு நிலையையா என்று அவர் சொல்கிற பதிலில் உங்களுக்கே விளங்கும்.

இரண்டு மெத்தை ஒன்றாக வாங்க வசதி இல்லை என்றால் முதலில் மாமிக்கு ஒன்று வாங்குங்கள். ஒருவர் படுக்கிற மூன்று அடி மெத்தை, உங்களுடையதைவிட விலை குறைவு. அவர் மெலிந்த உடம்புக்காரர் என்றால் உங்களுக்குச் சொன்னதைவிட ஒரு படி மெதுவானதாக, ஆனால் விளிம்பு தொய்யாததாகப் பாருங்கள். கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, தானாகத் திரும்பவும் எழும்பவும் முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் மெத்தையைக் கட்டிலில் போட்ட பிறகு விளிம்பில் அவரை இருக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பட்டு, முழங்கால் இடுப்பின் மட்டத்துக்கோ ஒரு விரல் கீழேயோ இருந்தால் உயரம் சரி. பாதம் எட்டாவிட்டால் தச்சரைக் கூப்பிட்டுக் கட்டில் காலை அளவாக அறுத்துக் குறைக்கலாம். முழங்கால் மேலே நின்றால் காலுக்குக் கீழே மரக்கட்டை அடித்து உயர்த்தலாம். கட்டிலுக்கும் கக்கூசுக்கும் இடையில் விரிப்பு ஒன்றும் போடாமல், இரவில் ஒரு சின்ன வெளிச்சம் எரிய விடுங்கள்.